நாலு அங்குலம் கழித்தது போக

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. மூன்று வருடமாக நலம் விசாரிக்கத் தவறிவிட்டதால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து இப்போது விசாரித்துக்கொள்கிறேன். இங்கே நான் சௌகரியம், உங்கள் தங்கை சௌகரியம், ஹாலில் இருக்கும் இரண்டு ஜன்னல்களில் பெரிய ஜன்னலும் சௌகரியம். சின்ன ஜன்னலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை உங்கள் தையல் கடைக்கு எங்கள் மாடிவீட்டு வக்கீலம்மா வருவார். போனில் ஒரு ஜன்னல் திரையின் படத்தைக் காட்டி, இதைத் தைத்தது நீங்கள்தானா என்று கேட்பார். நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள். ஏன் என்பதுதான் மீதிக் கடிதம். இதை எழுதுவது உங்கள் தங்கைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். படித்து முடித்ததும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள். உங்கள் கடையில் கத்தரிக்கோலுக்கா பஞ்சம்?

பழைய கதையைக் கிளறுவது என் நோக்கமல்ல. ஆனாலும் கிளறாமல் சொல்ல முடியவில்லை. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஹாலுக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த திரை தரைக்கு நாலு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. உங்கள் தங்கை உங்கள் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால், "முப்பது வருஷமா டேப்பைக் கழுத்துல போட்டிருந்தா மட்டும் போதாது, அதை வச்சு அளக்கவும் தெரியணும்" என்று சொன்னாள். நீங்கள் "அளவெல்லாம் சரிதான், உன் வீட்டுத் தரைதான் பள்ளம்" என்றீர்கள். மறுநாள் வந்து திரையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனீர்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். முப்பத்திரண்டு வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்து எழுதியவன் நான். ஏற்றிய லாரியும் ஒன்றுதான் எனக்கு, காலி லாரியும் ஒன்றுதான்.

அதிலிருந்து மூன்று வருடம் எங்கள் ஹால் ஜன்னலில் ஒரு பழைய படுக்கை விரிப்புதான் தொங்கியது. வேறு தையல்காரரிடம் கொடுக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எங்கண்ணன் இருக்கும்போது வேற ஆளுகிட்ட நான் எதுக்குப் போகணும்?" என்றாள். சரி, அண்ணனிடமே கேட்கலாமே என்றேன். "அவருகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். இரண்டும் ஒரே மூச்சில். நான் படுக்கை விரிப்பைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

போன மாதம் அவள் போனில் ஒரு பெண்மணி வந்தார். கடையில் பாக்கெட்டில் விற்கிற மலிவான திரையை வாங்கி, வீட்டிலேயே சில கைவேலைகள் செய்தால், அளவெடுத்துத் தைத்தது போலவே தெரியும் என்று அவர் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். அந்தப் பெண்மணியின் வீட்டில் கணவன் என்று ஒருவரும் கண்ணில் படவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மறுநாளே நாலு பாக்கெட் வந்தது. பிரித்துத் தொங்கவிட்டால், என்ன ஆச்சரியம், அதுவும் தரைக்கு நாலு அங்குலம் மேலேயே நின்றது. யாருடனும் சண்டை போடாமலே! உங்கள் தங்கை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுபடி அளந்து பார்க்கச் சொன்னாள். அளந்தேன். நீங்கள் எனக்குக் கொடுத்த பழைய டேப்தான். அதன் முதல் நாலு அங்குலம் கிழிந்துபோய், டேப்பே நாலில்தான் ஆரம்பிக்கும் என்பது நம் இருவருக்கும் தெரிந்ததே. அளவு எண்பத்தெட்டு. டேப்பைப் பற்றி இப்போது மேற்கொண்டு ஒன்றும் பேச வேண்டாம்.

அதன்பின் நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டிலிருந்து எடுத்த துணியில் கட்டம் கட்டமாக மடிப்பு விழுந்திருந்ததால் இஸ்திரி போட்டாள், ஒன்றில் இஸ்திரிப்பெட்டியின் உருவமே பழுப்பாகப் பதிந்துவிட்டது, அந்த இடத்தை மடிப்புக்குள் தள்ளிக்கொள்ளலாம் என்றாள். கம்பியை மேலே ஏற்றினால் அறை உயரமாகத் தெரியும் என்று அந்தப் பெண்மணி சொன்னதால் ஏற்றினேன், அறை உயர்ந்ததோ இல்லையோ திரை இன்னும் ஒரு முழம் உயர்ந்துவிட்டது, இறக்கினேன், சுவரில் நாலு ஓட்டை மிச்சம். மேலே இருக்கும் இரும்பு வளையத்தைப் பார்த்ததும் பாக்கெட் திரை என்று தெரிந்துவிடும் என்று அந்த மூன்று அங்குலத்தையும் வெட்டி எறிந்துவிட்டு உங்கள் கடையில் வைப்பது போலவே கொத்துக் கொத்தாக மடிப்பு வைத்தாள், வைத்ததும் அகலம் பாதியாகி இரண்டு திரைக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக எட்டிப் பார்க்கும் இடைவெளி விழுந்தது, ஆகவே இரண்டு ஜன்னலுக்கு வாங்கிய நாலு திரையையும் பெரிய ஜன்னலுக்கே மாட்டிவிட்டு, சின்ன ஜன்னலுக்கு முன்னால் பீரோவை நகர்த்திவிட்டோம். சின்ன ஜன்னல் விஷயம் இதுதான்.

இப்போது திரை தரைக்கு ஏழு அங்குலம் மேலே. அடியில் வேறு நிறத்தில் ஒரு பட்டை சேர்த்தால் உயரமும் வரும், பார்வையாகவும் இருக்கும் என்பது அந்தப் பெண்மணியின் அடுத்த யோசனை. வீட்டில் எந்தத் துணியும் சரிப்படவில்லை. சாயங்காலம் நான் நடந்துவிட்டு வந்து பார்த்தால், எடைமேடை வேலைக்கு வருடாவருடம் நீங்கள் தைத்துக் கொடுத்த என் காக்கி பேண்டுகளில் நாலு, காலடிப் பகுதி இல்லாமல் கட்டிலில் கிடந்தன. அந்தக் காலத்து அகலக் கால் பேண்ட். ஒரு பேண்டின் இரண்டு காலையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு திரையின் அகலம் கச்சிதமாக வருகிறது. காலடி மடிப்பை மட்டும் அவள் பிரிக்கவில்லை. நீங்கள் போட்ட தையலை அப்படியே வைத்து, திரைக்கு ஓரமாக்கிவிட்டாள். "இந்த மாதிரி ஓரம் அடிக்க எனக்கு வராது. அண்ணன் அடிச்சது அப்படியே இருக்கட்டும்" என்றாள். வெட்டியது போக மீதி, நாலு முக்கால் பேண்டாக என்னிடம் இருக்கிறது.

நானும் சும்மா இருந்திருக்கலாம். ஓரத்தில் எடை வைத்தால் திரை நேராக விழும் என்று நீங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, எடை என் துறையாயிற்றே என்று அந்த மடிப்புகளுக்குள் இரும்பு வாஷர்களை நுழைத்தேன். ஒரு திரைக்கு ஒரு கிலோ நாற்பது கிராம், நான்கும் சம எடை, தராசில் நிறுத்தே போட்டேன். திரை நேராக விழுந்தது. கம்பியும் விழுந்தது. கம்பிக்கு அடியில் நான் நின்றேன். தலையில் இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. வாஷரைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். பிறகு மடிப்பு படிய வேண்டும் என்று என் பனியன்களைக் கிழித்து நாடாவாக்கி மூன்று நாள் திரைகளைக் கட்டிவைத்தாள். அந்த மூன்று நாளும் வெயில் நேராக ஹாலுக்குள் வந்தது, நான் டிவியைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் நாடாவை அவிழ்த்தாள். மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். நன்றாக இருந்தது. பாக்கெட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் கையே வந்து தைத்த மாதிரி இருந்தது. உங்கள் தங்கை எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷப்பட்டாளா, வருத்தப்பட்டாளா என்று என்னால் எடை போட முடியவில்லை.

அன்றைக்குப் பார்த்துத்தான் வக்கீலம்மா தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கேட்க வந்தார். வந்தவர் மோட்டாரை மறந்துவிட்டார்.

"யாரு தைச்சது இது?"

"எங்கண்ணன்" என்றாள் உங்கள் தங்கை. யோசிக்கவே இல்லை. அது வாயில் தயாராக இருந்தது.

"கீழே இருக்கே, இந்தத் துணிக்கு என்ன பேரு?"

"அதெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்."

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாள் உழைக்கிற துணிங்க" என்றேன். அதில் பொய் இல்லை. இரண்டாவது திரையில் வெளுத்த இடம் ஒன்று உண்டு, லாரிச் சக்கரத்தில் உரசி உரசித் தேய்ந்தது, அந்த இடத்தைத்தான் அவர் தடவிப் பார்த்து, "என்னா வேலைப்பாடு!" என்றார். புதிதாகத் திறக்கப்போகும் ஆபீஸில் எட்டு ஜன்னலாம், எட்டுக்கும் இதே மாதிரி வேண்டுமாம். படம் எடுத்துக்கொண்டார், உங்கள் கடை விலாசத்தையும் எழுதிக்கொண்டார்.

அவர் படியேறியதும் உங்கள் தங்கை சோபாவில் உட்கார்ந்தாள். "அண்ணன் இல்லைன்னு சொல்லிட்டாருன்னா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டுச் சமையலில் உப்பு ஒன்று விழவே விழாது, அல்லது இரண்டு முறை விழும். மாடிவீட்டுக்காரர் முன்னால் மானம் போகும் என்பதற்காக மட்டும் அவள் பயப்படுவதாகத் தெரியவில்லை. "என் தங்கச்சிக்கு நான் எதுவும் தைக்கல" என்று நீங்கள் ஒரு வெளியாளிடம் சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் அவள் பயம். ஆகவே சொல்லாதீர்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவளிடம் பேச வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம், ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் எந்த வகுப்பு என்று தெரியாததால் பொதுவாக ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலி இருந்தால் குறையட்டும், இல்லாவிட்டால் வராமலே போகட்டும்.

இப்படிக்கு,
எந்தப் பக்கமும் சாயாத
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை. உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வக்கீலம்மா வந்தார். வழக்குக்கு வாய்தா கிடைத்ததால் இன்று காலையிலேயே உங்கள் கடைக்குப் போய் வந்துவிட்டாராம். நீங்கள் படத்தை விரலால் பெரிதாக்கி, அடி ஓரத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "நான் அடிச்ச தையல் எனக்குத் தெரியாதாம்மா? நான் தைச்சதுதான்" என்று சொன்னீர்களாம். "போன தடவை நாலு இஞ்ச் குறைச்சிட்டேன், தப்பு என்னோடதுதான். இந்தத் தடவை அடியில சேத்துக் குடுத்திருக்கேன்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றும் சொன்னீர்களாம்.

இதைக் கேட்டு உங்கள் தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் எவ்வளவு நேரம்தான் சாயாமல் நிற்பது? சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஜன்னலை அளந்தது நான். டேப் தொண்ணூற்றிரண்டு காட்டியது, கிழிந்த நாலைக் கழித்து எண்பத்தெட்டு என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். காலி லாரியின் எடையைக் கழித்தே பழகிய கை. கழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. டேப் கிழிந்தது என்று தெரிந்த நீங்களும் ஒரு நாலைக் கழித்திருக்கிறீர்கள். எனக்கே இது போன மாதம் மறுபடி அளந்தபோதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய தப்பு. மன்னித்துவிடுங்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் கவலையாக இருக்கிறது. மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தாள், டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டாள், பீரோவை நகர்த்தச் சொன்னாள், சின்ன ஜன்னலைத் தானே அளந்தாள். இப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள். தபால் வேண்டாமாம், கடிதத்தைத் தானே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறாளாம். அளவுச் சீட்டும் அவளிடம் இருக்கிறது. தயவுசெய்து இந்த முறை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். இங்கே யாரும் கழிக்கவில்லை.