காலி கேஜ்

டிவைஸ் டிரைவர் எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: அப்பாவின் நினைவு நாளில் அதை ஓட்டிப் பார்க்காதீர்கள். மற்ற புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் சாகும். கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவரோ அதன் அடிமடியில் ஓடுவது; அது தப்பு செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் போய்ச் சேரும்.

அப்பா தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று, ஆட்களைக் கேஜில், அதாவது கீழே இறங்கும் இரும்புக் கூண்டில், ஏற்றி இறக்கியவர். அவர் இறந்தபோது மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. முதல் நினைவு நாளிலாவது அப்பாவின் படத்தோடு பேசட்டும் என்று, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் ‘ஸ்கெலட்டன்’ வீட்டில் என் லேப்டாப்பில் அவனை வீடியோவில் கூப்பிட ஏற்பாடு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தினால் அது நானா?) சத்தத்தைக் கூட்டிக் குறைக்க லேப்டாப்பில் மாட்டுகிற ஒரு திருகு குமிழ் வாங்கி, அதற்கு நானே டிரைவர் எழுதியிருந்தேன். என் முதல் டிரைவர். புதிதாக எழுதியதை முதலில் வெர்ச்சுவல் மெஷினில், அதாவது கெட்டாலும் நஷ்டமில்லாத பொம்மைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அண்ணன் முன்னால் பெருமையடிக்கிற அவசரம்.

மெழுகுவர்த்தி ஏற்றி, எங்கள் பௌத்த வழக்கப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்து எல்லாரும் வெள்ளை உடையில் அமைதியாக உட்கார்ந்திருந்தோம். திரையில் அண்ணன் தழுதழுக்க ஆரம்பித்தான். சரியாகக் கேட்கவில்லை என்று பெரியம்மா திருகைத் திருப்பினாள். அந்த நேரத்தில் டிரைவர் கண்ணிமைப்பதற்குள் வேலையை முடித்துவிட்டு விலகிவிட வேண்டும். நான் எழுதியது அங்கேயே காத்து நின்றுவிட்டது. லேப்டாப் உறைந்தது. ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்ட கடைசித் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது: "ப்பா ப்பா ப்பா ப்பா…"

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "இன்னாமா துடிக்குது பாரு புள்ள" என்று பெரியம்மா அழுதாள். வீடே சேர்ந்து அழுதது. வேறு வழியில்லாமல் நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

"இன்னாடா நீ, அழுவுறவனைப் போய் ஆஃப் பண்றியே" என்றாள் பெரியம்மா.

போனில் அண்ணனைப் பிடிப்பதற்குள் அவன் இடைவேளை முடிந்து வேலைக்குப் போய்விட்டான். அப்பாவிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனான். அவமானத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டாள்: "காலி கேஜ் வுட்டுப் பாத்தியாடா?"

ஷிஃப்ட் ஆட்களை ஏற்றுமுன் கேஜை ஒருமுறை காலியாகக் கீழே அனுப்பி, மேலே வரவழைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காமல் அப்பா ஒருவரையும் ஏற்றியதில்லை. அவர் பிள்ளை நான், வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் என் லேப்டாப்பை நம்பவில்லை. அடுத்த நினைவு நாளுக்குச் சண்டை போட்டு லீவு வாங்கி, பங்காருபேட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கினான். அப்பா படத்தின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பேசினான். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்தோம்.

இப்போது வருடந்தோறும் வருகிறான். நாள் நெருங்கும்போது அம்மா போனில் அவனிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "லீவு கெடைக்கலைன்னா இப்பவே சொல்லுப்பா. தம்பிய லேப்டாப்பை எடுக்கச் சொல்றேன்."