நீந்திக்கொண்டிருந்தவனைக் காப்பாற்றிய கதை

நாற்பது வயதைத் தாண்டிய மனிதன் எதையாவது முறையாகக் கற்றுக்கொள்ளக் கிளம்பினால், வீட்டார் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. தெரியாததைக் கற்றுக்கொள்ளப் போனால்கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத் திருத்திக்கொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்னால், அன்றே பிடித்துக் கட்டிப்போட்டுவிட வேண்டும். என்னைக் கட்டிப்போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு நீச்சல் தெரியும். சிறுவயதில், சொந்த ஊரான நாசரேத்துக்குப் பக்கத்துக் குளத்தில் விழுந்து எழுந்து கற்றது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தண்ணீரோடு எனக்கிருந்த தொடர்பு வாளியோடு சரி. (தூத்துக்குடியில் அந்த வாளியும் தினமும் நிறைவதில்லை.) சிக்கல் என்னவென்றால், நான் பெண் எடுத்தது கடற்கரைக் குடும்பத்தில். நாங்கள் புராட்டஸ்டண்டு, பள்ளிக்கூட வாத்தியார் வகையறா. என் மனைவி ரெக்ஸலின் வீட்டார் கத்தோலிக்கர்கள், கடலில் தொழில் செய்பவர்கள். அவள் தம்பி ஜெரோமுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு உண்டு.

ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பத்தோடு முயல்தீவுக்குப் போவது வழக்கம். ஜெரோம் எல்லோரையும் படகில் ஒரு சுற்று அழைத்துப் போவான். ஏறும்போது குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுவான். கடைசியாக எனக்கும் மாட்டுவான். என் பிள்ளைகள் வளர்ந்து அதைக் கழற்றி எறிந்த வருடமும் எனக்கு மாட்டினான். மாமியார் வெறும் சேலையோடு ஒய்யாரமாக உட்கார்ந்து வர, துறைமுகச் சரக்குக்கான கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கும் நான், ஆரஞ்சு நிறத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்குத்தான் நீச்சல் தெரியும்லா?" என்றேன்.

"கொளத்துல நிக்கது நீச்சல் இல்ல அத்தான்" என்றான்.

அந்த ஜாக்கெட்டைக் கழற்றுவது அன்றிலிருந்து என் வாழ்க்கை லட்சியமாகிவிட்டது.

தூத்துக்குடியிலேயே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என்னைவிட மிகவும் இளையவர். என் நீச்சலை முழுதாகப் பார்க்கும் பொறுமைகூட அவருக்கு இல்லை. பாதியிலேயே விசில் அடித்தார்.

"சார், நீங்க நீந்தல. தண்ணிய அடிச்சுக் கொல்லுதீங்க."

முதல் குற்றம், தலையை வெளியே நீட்டிக்கொண்டு நீந்துவது. (எருமை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துப் பழகிய தலை.) முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், பார்வை தரையில். மூச்சுக்கு உடம்போடு சேர்ந்து திரும்பி, பாதி வாயை மட்டும் வெளியே காட்ட வேண்டும். முழங்கை உயர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், முன்னால் நீட்டிய கையை உடனே இழுத்துவிடக் கூடாது. அப்படியே நீட்டி, உடம்பு வழுக்கிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். "அவசரப்படாதீங்க சார். நீங்க போறது தண்ணிக்கே தெரியக்கூடாது" என்பார்.

நான் விடுவேனா? வீட்டில் ஸ்டூலின்மேல் குப்புறப் படுத்துக் கை வீசினேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பிப் பழகினேன். எங்கள் கணக்கர் சில நாள் கவனித்துவிட்டு, முத்தையாபுரத்தில் மூலத்துக்கு நல்ல வைத்தியர் இருப்பதாக ரகசியமாகச் சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. முயல்தீவில் ஜெரோம் ஜாக்கெட்டை நீட்டினான். கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம்" என்றேன்.

"சரி, அந்தா நம்ம படகு நிக்கி. அதுவரைக்கும் நீந்திக் காட்டுங்க. இனிமே இதப் பத்திப் பேசவே மாட்டேன்."

"எதுக்குளா அவுகளுக்கு இந்த வேல?" என்று என் மாமியார் மகளிடம் முணுமுணுத்தார். அத்தையின் அவநம்பிக்கைகூட அன்று எனக்கு உற்சாகமாக இருந்தது.

என் வாழ்நாளிலேயே அழகாக நீந்தியது அன்றுதான். கடலும் அமைதியாக இருந்தது. முகம் உள்ளே, பார்வை மணலில், கை நீட்டி, அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. கரையில் மாமியார் வீட்டார் வாய் பிளந்து நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (பிளந்துதான் நின்றார்களாம்.)

குப்புறக் கிடக்கும் ஆள். நீட்டிய கை. சத்தமில்லை, அசைவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தை மணலில் முழங்காலிட்டுவிட்டார். ஜெரோம் சட்டையோடு பாய்ந்துவிட்டான்.

திடீரென்று என் தலைமுடியை ஏதோ பிடித்து இழுத்தது. கடலுக்குள் முடியைப் பிடித்து இழுக்கும் ஜந்து எது என்று யோசிக்க அவகாசமில்லை. சுழன்று ஒரு வீச்சு வீசினேன். முழங்கை உயரவேண்டும் என்று பயிற்சியாளர் தலைபாடாக அடித்துக்கொண்டது அப்போதுதான் சரியாக அமைந்தது. ஜெரோமின் மூக்கில் ரத்தம்.

"முங்குத ஆளு இப்பிடித்தான் ஒதைப்பான், விடாத" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். நான் உதறினேன், அவன் அமுக்கினான். அந்தப் போராட்டத்தில்தான் நிஜமாகவே உப்புத் தண்ணீர் குடித்தேன்.

கரையில் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். பிரியாணிப் பாத்திரத்தோடு வந்திருந்த முன்பின் தெரியாத குடும்பம் ஒன்றும் தன் பங்குக்கு அழுத்தியது. காலையில் தின்ற புட்டும் பழமும் வெளியே வந்தன.

"நான் நீந்திக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

"பாவம், நெனவு தப்பிப் பேசுதாவ" என்றார் அத்தை. அழுதுகொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதையும் உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். ஆனால் முழங்காலிட்ட அத்தை சும்மா இருக்கவில்லை. மருமகன் உயிரோடு கரையேறினால் வருடா வருடம் மாதாவுக்கு அசனம் வைத்து ஊருக்கெல்லாம் சோறு போடுவதாக நேர்ந்திருக்கிறார். கூடவே, "அவுக இனி கடல்ல கால் நனைக்க மாட்டாவ" என்று என் சார்பில் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டார். சோறு அவருடையது, சரி. கால் என்னுடையதல்லவா?

எங்கள் சபையில் நேர்ச்சை கிடையாதே என்ற தைரியத்தில், நாசரேத்துக்குப் போய் எங்கள் ஐயரிடம் முறையிட்டேன். (நாங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்.) "வேதத்துல இதுக்கு ஆதாரம் இல்லதான். ஆனா மாமியார் விஷயத்துல சபை தலையிட முடியாது தம்பி" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அசனம் என்னைக்கு?" என்று கேட்டார். வந்தார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார்.

இப்போது ஜாக்கெட்டுக்கே வேலையில்லை. மற்றவர்கள் படகில் சுற்றிவரும்போது நான் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன். மாமியார் வீட்டுக் குளியலறையில் சற்று நேரமானால், "அத்தான், மூச்சு வருதா?" என்று ஜெரோம் கதவைத் தட்டுவான். என் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன அசனத்தன்று, இலை எடுத்த பிறகு, ரெக்ஸலினிடம் மனம்விட்டுச் சொன்னேன்: "நீயாவது நம்பு. நான் முங்கவே இல்ல."

"தெரியும். நீங்க மூச்சுக்கு வாயத் திருப்பினதக் கரையில நின்னு பாத்தேன்லா" என்றாள்.

அவள் பக்கம் முழுதாகத் திரும்பினேன். "பொறவு ஏன் சொல்லல?"

"அதுக்குள்ள அம்மா நேந்துட்டா. பொறவு போயி, இவுக சும்மாதான் நீந்திட்டுக் கெடந்தாவன்னு சொன்னா, மாதாவுக்கு மொகம் எப்பிடி இருக்கும்?"