சாட்டின் தொட்டிலும் குழவிக்கல்லும்

நிறையப் பயப்படுகிறவர்கள் நிறைய யோசிப்பார்கள், நிறைய யோசிப்பவர்கள் தவறு செய்ய மாட்டார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன், என் மகளின் முப்பதாம் நாள் வரைக்கும்.

மலேசியாவில் லிங்கி ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் என் கணவர் வீட்டில் அன்று தொட்டில் போடும் விசேஷம். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, பழைய பருத்திச் சேலையை முடிந்து தொங்கவிட்டால் தொட்டில் தயார். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் நான் பாலிடெக்னிக்கில் உற்பத்தித் துறை படித்தவள். பழைய பருத்தி நைந்து கிழிந்துவிட்டால்? பாலியெஸ்டர் சாட்டின் வாங்கினேன். கிழிக்கவே முடியாது. (நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தோம். அவர்தான் விழுந்தார்.)

அடுத்த கவலை, முனைகளை எப்படி இணைப்பது. தைத்தால் ஊசித் துளை வழியே கிழியும். பசை போட்டால் அந்த வாடை பிள்ளைக்கு ஆகாது. ஊக்கும் கம்பியும் குத்தும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு முடிவுக்கு வந்தேன்: முடிச்சு. (எல்லாரும் போடும் அதே முடிச்சுதான். நான் காரணத்தோடு போட்டேன்.)

கணவரின் அக்கா துணியைத் தடவிப் பார்த்தார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் சிரம்பானில் தையல் கடை வைத்திருக்கிறார்.

"வழுவழுன்னு இருக்கேம்மா. முடிச்சு நிக்குமா?"

அரிசிப் பையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுச் சோதித்தாயிற்று என்றேன். அரிசிப் பையை யாரும் ஆட்டுவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வழக்கப்படி, பிள்ளைக்கு முன்னால் குழவிக்கல்லைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். அண்ணி அதற்குப் பொட்டு வைத்து, என் மகளின் தொப்பியை மாட்டி, கொஞ்சிக்கொண்டே படுக்கவைத்தார். பெண்கள் தாலாட்டுப் பாடினார்கள். அடுத்து எங்கள் முறை என்று மகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாலாவது ஆட்டத்தில் முடிச்சு சத்தமே இல்லாமல் நழுவியது.

தொப்பி போட்ட ஒன்று தலைகுப்புற விழுவதை மட்டும்தான் பார்த்தேன். "ஐயோ, என் புள்ள" என்று அலறி, மடியிலிருந்த மகளைக் கணவர் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தேன். குழவிக்கல்லை வாரி அணைத்து, தொப்பியைக் கழற்றி, மண்டையில் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். தரை ஓடு இரண்டாகப் பிளந்திருந்தது. பாட்டு நின்றுவிட்டது. என் மகள் அவள் அப்பா கையில் கொட்டாவி விட்டாள்.

அதில் அடுத்துப் படுக்க இருந்தது யார் என்பது பிறகுதான் உறைத்தது. கல்லைக் கட்டிக்கொண்டே அழுதேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழாத லா. ஒரு கல்லுக்கே இந்தப் பாய்ச்சல் பாஞ்சியே, உன் புள்ளைக்கு வேற என்ன வேணும்? குடு இங்க, கை வலிக்கும்."

பிறகு பழைய பருத்திச் சேலையை எடுத்துவந்து முடிந்தார். பருத்தி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஆட ஆட இறுகும் என்றார். கல் மறுபடி ஆடியது, விழவில்லை. அதற்குப் பிறகுதான் மகளைக் கொடுத்தேன். உடனே தூங்கிவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. அந்த வீட்டில் குழவிக்கல்லுக்கு 'மூத்தவள்' என்றே பெயர். போன வாரம் பாலர் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். அப்பா, அம்மா, அவள், பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு நீள உருண்டை. யார் இது என்று ஆசிரியை கேட்டிருக்கிறார்.

"என் அக்கா. குட்டியா இருக்கும்போது அம்மா கட்டுன தொட்டில்லேர்ந்து விழுந்துட்டா. இப்ப பேச மாட்டா."

ஆசிரியை என்னைத் திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். கல்லையும் எடுத்துக்கொண்டு போகலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.