முள் சரியாத நாடு

வரைபடத்தில் தேட வேண்டாம், அலங்காரபுரி அதில் இல்லை. அந்த நாட்டில் ஒவ்வோர் ஊர் முச்சந்தியிலும் மின்னழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அதன் முள் உச்சியில் நின்றால் ஊர் செழித்துவிட்டது என்று பொருள்.

முள் உச்சியில்தான் நின்றது. ஆனால் மின்கம்பிகளின் செம்பை உருக்கி மன்னருக்குச் சிலை வார்த்துவிட்டார்கள். மிஞ்சியது தலைமுடி கனத்துக் கம்பி. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து, குழாய் ஊசித்துளை அளவே இருந்தால் என்ன ஆகும்? மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் பிரமாதம், திறந்தால் சொட்டுத்தான். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. இது அரண்மனையில் ஒரு மண்டைக்கும் ஏறவில்லை.

உழவுப் பெண் பூங்காவனத்தின் நெல் பால்பிடிக்கும் சமயம். இந்தத் தண்ணீர் தப்பினால் அவள் வீட்டில் வருஷம் முழுக்கச் சோறு கிடையாது. மோட்டாரைப் போட்டாள். அது உறுமியதே தவிரச் சுற்றவில்லை. முச்சந்தியில் முள் சரிந்தது. மின்துறை மந்திரி பேரின்பநாயகம் ஓடிவந்தார்.

"முள்ளைத் தள்ளியது யார்?"

"முள்ளை யாருங்க தொட்டா? மோட்டாரத்தான் போட்டேன். கரண்டே வரலீங்க."

"நீ போடும்வரை முழுதாக இருந்ததே! பயன்படுத்திக் கெடுத்துவிட்டு அரசைப் பழிக்கிறாயா?"

இனி எவரும் எதையும் போடக் கூடாது என்று அன்றே ஆணை பிறந்தது. முள் மறுபடி நிமிர்ந்தது. பாவம், பயிர்தான் சுருண்டது.

இந்தச் சாதனையை நேரில் காண மன்னர் புறப்பட்டார். சாலையோரம் இருந்தது பூங்காவனத்தின் வயல் என்பதால் அங்கேயே விழா. மந்திரி மோட்டாரைத் தொடவிடவில்லை. தென்னந்தட்டிக்குப் பின்னால் ஊர்ப் பெண்களை நிறுத்தி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து மோட்டார்க் குழாய்க்குள் ஊற்றச் சொன்னார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மன்னர் வந்தார். முள் அசையவில்லை, குழாயிலோ தண்ணீர் கொட்டியது. கைதட்டி மகிழ்ந்தார். தட்டிக்குப் பின்னால் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்தது. வெடித்த வயல் மடமடவென்று குடிப்பதைப் பார்த்துப் பூங்காவனம் அழுதேவிட்டாள்.

"என்ன வேண்டும், கேள் மகளே."

"வேற ஒண்ணும் வேணாம் சாமி. அறுப்பு வரைக்கும் தெனமும் இந்தப் பக்கம் ஒரு நட வந்துட்டுப் போங்க."

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மீது எவ்வளவு பாசம்!" என்று மந்திரியின் தோளைத் தட்டினார்.

தேர் திருப்பம் தாண்டியதும், குடங்களை இறக்கச் சொன்னார் மந்திரி.