எரிசாராய ஸ்கூட்டரை உதைத்த படலம்

வாழ்க வேதியியல் விரிவுரையாளர்! குடுவைகளின் கோமான், பியூரெட் ஏந்திய பெருந்தகை, சுண்ணக்கட்டித் தூள் நீங்காத காலருடைய சூரர், பதினேழு வயது ஸ்கூட்டர் ஒன்றின் தனிப்பெரும் பாகர். அன்னாரின் வீரம் பாடாத நாவும் ஒரு நாவோ?

மண்மகளின் குடலைத் துளைத்து உறிஞ்சிய கருங்குருதியாம் பெட்ரோலை வேரறுக்கப் பிறந்தவர் தாமே என்று மூன்று மாதமாக ஆசிரியர் அறையிலும், மாடிப்படியிலும், பல் மருத்துவரின் நாற்காலியில் பஞ்சு கவ்விய வாயாலும் முழங்கிவந்தார் அவர். முழக்கத்தோடு நின்றிருந்தால் உலகம் தப்பியிருக்கும். கரும்பாலைக் கழிவுப்பாகு வாங்கி, ஆய்வகத்தில் நொதிக்கவிட்டு, வடித்து, வடித்ததை மறுபடி வடித்து, இரண்டு லிட்டர் எரிசாராயத்தைக் கேனில் சிறைப்படுத்தி, அதன் மூடியைப் பாதி திருகி, ஈரம் காயாத குளியலறை வாசலில் இரு வாரம் அரியணை ஏற்றிவைத்தார்.

வந்தது திங்கட்கிழமை, மணி ஒன்பது. எட்டு ஆண்டு காத்திருந்து கிடைத்த பதவி உயர்வு நேர்காணல் பத்து மணிக்கு என்பதால், அவர் மனைவி கோப்புக்கட்டை மார்போடு அணைத்து ஹெல்மெட்டும் மாட்டி வாசலில் நின்றார். அந்த நல்ல வேளையில்தான் நம் நாயகர், டேங்கில் கிடந்த நான்கு லிட்டர் பெட்ரோலின் தலைமேல் எரிசாராயத்தை மடமடவெனக் கவிழ்த்தார்.

"இன்னிக்கேதான் வேணுமாங்க இது? என் இண்டர்வியூங்க. உங்க பசங்களோட பிராக்டிகல் இல்ல."

"பெட்ரோலின் ஆட்சி இன்றோடு முடிகிறது! வெற்றித்தேரில் போய் இறங்குவாய் நீ!"

தேர் முதல் உதையிலேயே முழங்கியது. கார்புரேட்டருக்குள் நேற்றைய பெட்ரோல் கொஞ்சம் மிச்சமிருந்ததே அதன் காரணம் என்பதை அறியாத தலைவர், மனைவியைப் பின்னால் ஏற்றி, மீசைக்குள் புன்னகைத்தபடி தெருமுனைவரை திக்விஜயம் செய்தார். அங்கே தேர் இருமியது, விக்கியது, உயிர் நீத்தது.

தொடங்கியது உதைப்போர். மதங்கொண்ட யானை கோட்டைக் கதவை மோதுவதுபோல் உதைத்தார். ஊழிக்காற்று மலைமுகட்டை அறைவதுபோல் உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்ட, செருப்பு வார் அறுந்து சாக்கடைக்குள் வீரமரணம் எய்த, வெறுங்காலால் உதைத்தார். நாற்பத்தோராவது உதையில் எதிர்க்கடை மெக்கானிக், தேநீர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"காலுக்காச்சும் ரெஸ்ட் குடுங்க சார். நகருங்க."

பெட்ரோல் குழாயை உருவி, டேங்கின் அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். மேலே வைக்கோல் நிறப் பெட்ரோல். கீழே சாராயத்தைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிய கலங்கல் நீர். நடுவே ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு கோடு. எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து.

எத்தனை முறை வடித்தாலும் நூற்றில் ஐந்து பங்கு நீர் எரிசாராயத்தை விட்டுப் பிரியாது என்பதை ஆண்டுதோறும் இரண்டாம் பருவத்தில் கரும்பலகையில் வரைந்து, எட்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டு, எழுதாத பிள்ளைகளை "நீயெல்லாம் சோறுதான் திங்கறியா?" என்று வாழ்த்தியனுப்பிய பெருமகன், அந்தக் கோட்டை உற்று நோக்கினார்.

"சாராயத்து மேல தப்பில்ல சார்," என்றார் மெக்கானிக். "தண்ணி துளிகூட இல்லாத சரக்கா வேணும். முழுக்க அதுலயே ஓட்டணும்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டையைப் பெருசாக்கணும், ரப்பரெல்லாம் மாத்தணும். அப்பவும் பெட்ரோல்ல மூணு ரவுண்டு போற வண்டி இதுல ரெண்டு ரவுண்டுதான் போகும். நீங்க என்ன பண்ணீங்க?"

"ஊத்தினேன்."

"அதான்."

ஆனால் மாவீரர் மனம் தளர்வாரோ! பாட்டிலை வெற்றிக்கொடிபோல் விண்ணோக்கி உயர்த்தி, எட்டுத் திசையும் கிடுகிடுக்க, "இது தோல்வியன்று, ஆய்வு முடிவு! வருங்காலம் என்னை வணங்கும்! மூலப்பிழை நீரினுடையது, என்னுடையதன்று!" என்று பிரகடனம் செய்து, அந்தப் பொன்மொழியைத் துணைவியாரும் கேட்டு இன்புறட்டும் என்று கம்பீரமாகத் திரும்பினார்.

அவர் மனைவி பஸ் ஏறிப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.