வெள்ளைப் பேனருக்கு முன்னால் ஒரு நிமிடம்

வேலைக்கு வீடியோ அனுப்பச் சொன்னால் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு உட்காருகிற ரகம் நான். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே தோன்றாது.

சென்னையில் ஒரு கம்பெனி, விண்ணப்பத்தோடு ஒரு நிமிட அறிமுக வீடியோவும் கேட்டிருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் ஓட்டப்பிடாரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவார்கள் என்பது அப்பாவுக்கும் எனக்குமான ஒப்பந்தம். (மாப்பிள்ளை மேல் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அதற்குள் கல்யாணம் வேண்டாம்.)

பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளை என்று சொல்ல ஓர் அடி இடம் கிடையாது. மொட்டைமாடியில் ஒரு பழைய பிளக்ஸ் பேனர் கிடந்தது. கோவில்பட்டிப் பக்கம் காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, முடிந்த கையோடு பேனர் யார் வீட்டிலாவது உளுந்து காயப்போட வந்துவிடும். அதைத் துடைத்து, வெள்ளையான பின்பக்கம் தெரிய, துணி காயப்போடும் கொடியில் கட்டினேன். வெயில் நேரே பட்டால் கண் கூசுமே என்று, சாயங்கால வெயில் பேனருக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தேன். செல்ஃபி கேமராவில் பேசி முடித்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் புருவத்தைத்தான் பார்த்தேன்.

மறுவாரம் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். அப்பாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“வீடியோ பார்த்தோம்மா. மனசுக்குக் கஷ்டமா இருந்தது. அப்பா இல்லாம சமாளிச்சிடுவீங்களா?”

சென்னையில் தனியாக இருப்பதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “பழகிரும் மேடம்” என்றேன். அப்பாகூடப் பெருமையாகத் தலையாட்டினார்.

“தைரியமான பொண்ணு. அப்பா எப்பம்மா இறந்தாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கிவிட்டார். “அம்மா, நான்தான் அவ அப்பா பேசுதேன்!”

அந்தப் பக்கம் ஒரு சின்ன அலறல். லைன் கட்டாகிவிட்டது.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வெயில் ஊடுருவி, பேனரின் முன்பக்கம் முழுக்க என் தலைக்குப் பின்னால் தெரிந்தது. முந்தின வருடம் காலமான சைக்கிள் கடை அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறியல்லவா தெரிய வேண்டும்? என் செல்ஃபி கேமரா அதை மறுபடி திருப்பி, மேடம் சிரமமில்லாமல் படிக்கும்படி ஆக்கியிருந்தது. அப்பாவுக்குக் கோபத்தைவிட ஆராய்ச்சி ஆர்வம்தான் அதிகம். என்னை மாடிக்கு இழுத்துப்போய், பேனருக்கு முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

“ஏட்டி, அவரு மீசையும் என் மீசையும் ஒண்ணாட்டி?”

“இல்லப்பா.”

“பெறவு அந்தம்மா என்னைய எதுக்குட்டி கொன்னா?”

வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதுவிட்டேன். (விளக்கம் சொல்லி அனுப்பிய மெயிலுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.)

அப்பா பேனரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அழாதட்டி. நான் சும்மா இருந்திருந்தா உனக்கு வேலை கெடைச்சிருக்கும். ஓட்டப்பிடாரத்துக்காரவியகிட்ட இப்ப வேண்டாம்னு சொல்லிருதேன்.”

வேறொரு வேலை கிடைத்து நான் சென்னைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் போடுவேன். அப்பா ஹலோ சொல்வதில்லை.

“உயிரோடதான் இருக்கேன், சொல்லுட்டி” என்பார்.

முன்பெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவருக்கு வயதாகிறது. இப்போது அந்த வார்த்தையைக் கேட்கத்தான் போன் போடுகிறேன்.