நாலாம் நம்பரில் மட்டும் சுற்றுகிற ஃபான்

மில்லிக்கன், ரொறன்ரோ
தை 11

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா தெய்வநாயகி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும், உங்கள் மகன் விதுஷனும், நிறைமாதத்தில் இருக்கும் என் மகள் தக்ஷிகாவும் கோணேசர் துணையால் சுகம். திருகோணமலையில் உங்கள் சுகமும், உங்கள் முழங்காலின் சுகமும் அறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்க இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் கதைக்கிறீர்கள், நான் கேட்கிறேன். கடிதத்தில்தான் எனக்கு முறை வருகிறது.

விடயம் என்னுடைய கார். மாமாவின் காருக்குள் இருப்பதைவிட வெளியே நிற்பது சூடு என்று விதுஷன் உங்களுக்குச் சொன்னதாகவும், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை டாக்சியில்தான் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் சொன்னதாகவும் அறிந்தேன். எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, நேற்றுப் போய்விட்டது. முப்பது வருடத்துக்கு முன் இதே தை மாதத்தில் தக்ஷிகா பிறந்தபோது எங்களிடம் கார் இல்லை. பிறந்து மூன்று நாளான பிள்ளையை இரவல் கோட்டுக்குள் சுற்றி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பஸ் தரிப்பில் என் மனைவி அழுதாள், நான் அழாத மாதிரி நின்றேன். தக்ஷிகாவின் பிள்ளையையாவது என் காரில், குளிர் படாமல், நானே கொண்டுவர வேண்டும். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற பெரிய ஆசை அதுதான். ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த கையோடு, சுகப்பிரசவம் வேண்டி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனோம். போனது போனோம், பிள்ளை வரப்போகிற கார் என்று காருக்கும் ஒரு பூசை செய்வித்தோம். ஐயர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, உள்ளே டாஷ்போர்டில் பூவும், அறுகம்புல் கலந்த அரிசியும் கை நிறையத் தூவினார். அது சாமி அரிசி, கூட்டி எறியக்கூடாது என்று என் மனைவி கட்டளை போட்டாள். நான் எறியவில்லை. என் மேல் பிழை சொல்வதற்கு முன் இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மார்கழியில் ஹீற்றர் ஃபான் மக்கர் பண்ணத் தொடங்கியது. அதைத் திருப்புகிற குமிழில் ஒன்று முதல் நாலு வரை வேகம் உண்டு. முதல் மூன்றும் செத்துவிட்டன, நாலு மட்டும் சுற்றியது. யூரியூப்பில் தாடி வைத்த ஒருவர், அப்படியென்றால் மோட்டரில் பிழையில்லை, வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிற றெசிஸ்ரர் என்ற சின்னச் சாமான் எரிந்துவிட்டது என்று விளக்கினார். நான் இருபத்தாறு வருடம் பேக்கரியில் பாண் போட்டவன், எரிந்த சாமானைப் பார்த்தால் எனக்குத் தெரியும். புதிதாக ஒன்று வாங்கி, தலையை டாஷ்போர்ட் லாச்சிக்குக் கீழேயும் காலை சீற்றுக்கு மேலேயும் வைத்துப் பூட்டினேன். கார்க் கதவால் நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைப் பார்த்த முன்வீட்டுச் சீனப் பெண், அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டாளாம். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று இவள் சொன்னாளாம்.

மூன்று நாள் அருமையான காற்று. நாலாம் நாள் ஒரு கருகல் மணம், அதோடு முழு மௌனம். பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றி மோட்டர் இருக்கிற இடத்தில் ஒரு அடி போட்டேன், ஃபான் சுற்றியது. நின்றது. இன்னொரு அடி, சுற்றியது. அந்தத் தைரியத்தில்தான் வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போய் விதுஷனையும் தக்ஷிகாவையும் ஏற்றினோம். நான் ஓட்ட, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என் மனைவி குனிந்து அடித்தாள். மாமி வழி முழுக்கச் செருப்பும் கையுமாக இருந்தா என்று உங்கள் மகன் சொல்லியிருந்தால், அது உண்மை, ஆனால் அவரை நோக்கி அல்ல.

கடைசியில் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, மன்னார்க்காரன் றோயின் கராஜுக்குப் போனேன். நான் சொன்ன முழுக் கதையையும் கேட்டுவிட்டு றோய் ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணை, றெசிஸ்ரர் எரிஞ்சது சரி. ஏன் எரிஞ்சது எண்டு பாத்தனீங்களோ?"

பழசு என்றேன். புதுசும் எரிந்துவிட்டதே என்றான். மூன்று ஆணிகளைக் கழற்றி மோட்டரை இறக்கினான். ஃபான் சில்லுக்குள் கிழித்த ரிஷ்யூ பேப்பர், அறுகம்புல், எங்கள் சாமி அரிசி, நடுவில் எங்களைப் பார்த்தபடி ஒரு எலி. காற்று வருகிற வழியால் நுழைந்து, அரிசியை ஒவ்வொன்றாகக் காவிக்கொண்டுபோய்க் குடித்தனம் நடத்தியிருக்கிறது. சுற்ற முடியாமல் மோட்டர் மூச்சுப் பிடிக்க, பாரம் தாங்காமல் றெசிஸ்ரர்கள் எரிந்திருக்கின்றன. வழியை மறிக்க வேண்டிய பில்ரர் எங்கே என்று றோய் கேட்டான். கோடையில் ஊத்தையாக இருக்கிறதென்று கழற்றிய நான், புதிது போட மறந்துவிட்டேன். இதை மட்டும் விதுஷனிடம் சொல்ல வேண்டாம்.

றோய் எலியைத் தட்டக் கையை ஓங்க, என் மனைவி குறுக்கே வந்தாள். "தம்பி, உதிலை கை வைக்காதேங்கோ. அது பிள்ளையாற்றை ஆள், அவரின்ரை அரிசியைத்தான் திண்டிருக்கு."

றோய் கத்தோலிக்கன். ஆனாலும் மரியாதையாகவே சொன்னான். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா. ஆனா அவர் உள்ளை இருந்தால், உங்கடை பேரப்பிள்ளைக்கெல்லோ குளிரும்."

இவள் கொஞ்சம் யோசித்தாள். கைப்பையிலிருந்த முறுக்கு ரின்னைக் கொட்டி, எலியை அரிசியோடு அதற்குள் குடியேற்றினாள். இப்போது அது றோயின் கராஜுக்குப் பின்னால் வசிக்கிறது.

ஆகவே சம்பந்தியம்மா, ஃபான் சுற்றுகிறது. புதிய றெசிஸ்ரர் வர இரண்டு கிழமை ஆகுமாம், அதுவரை நாலாம் நம்பர் மட்டுந்தான். பிளேன் எழும்புகிற மாதிரி இரையும், ஆனால் சூடு சூடுதான். பிள்ளை வீட்டுக்கு வந்த கையோடு இந்தக் காரைக் கழித்துக்கட்டுவதாக விதுஷனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பயணத்தை மட்டும் எனக்கு விட்டுத்தாருங்கள். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
சண்முகநாதன்

பி.கு: தை 26. முத்திரை வாங்க மறந்ததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. பேத்தி பிறந்தது உங்களுக்குத் தெரியும், டாக்சி பிடிக்காததும் தெரியும். தெரியாதது இது. அன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு, காருக்குள் எங்களுக்கு வியர்த்தது. அந்த இரைச்சலில் வெக்ஸ்போர்ட் வரைக்கும் பேத்தி கண்ணே திறக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனதும் தொடங்கிய அழுகை ஐந்து நாளாக நிற்கவில்லை. தாலாட்டு, ஓமத்தண்ணி, ஒன்றுக்கும் மசியவில்லை. ஆறாம் நாள் உங்கள் மகன்தான் ஃபோன் எடுத்தார். "மாமா, உங்கடை காரை ஒருக்காக் கொண்டுவாங்கோ." இப்போது பகல் இரண்டு மணி. அவர்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, நாலாம் நம்பரில் ஃபான் இரைகிறது, பின்சீற்றில் உங்கள் பேத்தி நல்ல நித்திரை, பக்கத்தில் என் மனைவியும் நித்திரை. றெசிஸ்ரர் வந்துவிட்டதென்று றோய் சற்று முன் ஃபோன் பண்ணினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரைக் கழிக்கிற கதையை இப்போது விதுஷன் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும், ஸ்ரியறிங்கில் வைத்து எழுதுகிறேன்.